நின்ற தண்ணீர்

மோப்பக்காரர் எதையும் முகர்ந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். டீ வந்தால் டீயை, மாத்திரை வந்தால் மாத்திரையை, புதுச்சட்டை எடுத்தால் சட்டையைக்கூட மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மறுவேலை. அந்த டயாலிசிஸ் சென்டரின் தண்ணீர் ரூமுக்கு வேலைக்கு வந்த மாதமே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சென்டர் என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. பன்னிரண்டு சாய்வு நாற்காலி, பன்னிரண்டு மெஷின். கிட்னி கெட்டவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார்கள். காலை ஆறு மணிக்கு மாட்டினால் பத்து மணிக்குக் கழற்றுவார்கள். அந்த நாலு மணி நேரமும் உடம்பு ரத்தம் மெஷினுக்குள் போய்க் கழுவப்பட்டுத் திரும்பி வரும். வருகிறவன் போகிறவன் எல்லாம் மெஷினைத்தான் பார்ப்பான். மெஷினுக்குப் பின்னால் ஓடுகிற தண்ணீரை எவனும் பார்ப்பதில்லை. நீங்களும் நானும் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிப்போம். வயிறு, குடல், ஈரல் என்று உள்ளே ஆயிரம் காவல். நாற்காலியில் சாய்ந்தவனின் ரத்தமோ ஒரே உட்காரலில் நூற்றிருபது லிட்டர் தண்ணீரை உரசிக்கொண்டு ஓடுகிறது. நடுவில் இருப்பது முடியைவிட மெல்லிசான சவ்வு.

குழாய்த் தண்ணீரில் கிருமி சாகட்டும் என்று நகராட்சி குளோரின் போடுகிறது. குடிக்கிறவனுக்கு அது நல்லது. அதுவே சவ்வைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால் சிவப்பணு ஒவ்வொன்றும் சோப்புக் குமிழி மாதிரி உடையும். அந்தக் குளோரினைத் தின்பதற்குத்தான் கரித்தொட்டி. ஆள் உயரத்தில் இரண்டு தொட்டி இருந்தன. இரண்டாவதின் தலைமூடி விரிசல் விட்டு ஒரு மாதமாக அடைத்துக் கிடந்தது. "பார்ட் வருது, பார்ட் வருது" என்று மேனேஜர் சொல்லிக்கொண்டே இருந்தார். வருகிற வழியில் பார்ட்டுக்குக் கல்யாணம் காட்சி ஏதாவது ஆகியிருக்கலாம்.

ஆக, எல்லா பாரமும் ஒற்றைத் தொட்டி மேல். அது ஒழுங்காகத் தின்கிறதா என்று பார்ப்பது மோப்பக்காரர் வேலை. தொட்டியைத் தாண்டின குழாயிலிருந்து கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சின்ன மாத்திரை ஒன்றைப் போட்டு, இரண்டு நிமிஷம் நிறுத்த வேண்டும். நிறம் மாறாவிட்டால் பூஜ்ஜியம், நல்ல தண்ணீர். ரோஸ் நிறம் வந்தால் குளோரின். அந்த மாத்திரை டப்பாவை அவர் யாரையும் தொட விட்டதில்லை. "அடுத்தவன் கண்ணை நம்பி நான் ஏன் கையெழுத்துப் போடணும்?" என்பார். காலை ஐந்து மணிக்கு வருவார், பம்பைப் போடுவார், தண்ணீர் பிடிப்பார், பூஜ்ஜியம் எழுதுவார். பதினோரு வருஷப் பூஜ்ஜியம்.

அந்தத் திங்கட்கிழமையும் பூஜ்ஜியம் எழுதிவிட்டுத்தான் பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போனார். அது நகராட்சித் தண்ணீர் நேராக வருகிற குழாய். இரண்டு கையிலும் அள்ளி முகத்துக்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். மருந்து நெடி மூக்கைத் துளைத்தது. மழையில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி, போன மாதக் கடைசியிலிருந்து மருந்தைக் கூட்டிப் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இவ்வளவா?

வேறொருவர் என்றால், 'பார், இவ்வளவு நாற்றத்தையும் என் கரி தின்று தீர்க்கிறது' என்று பெருமைப்பட்டிருப்பார். இவருக்குப் பெருமை வரவில்லை, சந்தேகம் அரித்தது. ஈர முகத்தோடு உள்ளே போய் இன்னொரு முறை தண்ணீர் பிடித்தார். பம்ப் ஓட ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. மாத்திரையைப் போட்டார்.

இரண்டு நிமிஷம் தேவைப்படவில்லை. மாத்திரை கரையக் கரையவே ரோஸ் புகைந்து குழல் முழுக்கப் பரவியது.

கொட்டினார். குழலைக் கழுவித் திரும்பப் பிடித்தார். ரோஸ். மாத்திரை பழசாக இருக்கும் என்று புது டப்பாவை உடைத்தார். அதுவும் ரோஸ். மூன்று பேர் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள். மெஷின்களுக்குப் போகிற பெரிய வால்வை இறுக்கி மூடினார். அதன் கைப்பிடியில் சங்கிலி மாட்டிப் பூட்டி, சாவியை டவுசர் பையில் போட்டார்.

தலைமை நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அண்ணே, தண்ணி ரெடியா? ஒண்ணாம் நாற்காலிக்கு மாட்டப் போறேன்."

"மாட்டாதீங்க சிஸ்டர். குளோரின் வருது."

நர்ஸ் நோட்டைப் பார்த்தார், குழலைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குப் பூஜ்ஜியம்னு எழுதியிருக்கீங்க?"

"அப்ப பூஜ்ஜியம்தான்."

"அரை மணியில கரி செத்துப் போயிருமா அண்ணே?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மோப்பக்காரருக்கு அது பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கரி அரை மணியில் சாகாது. அது எப்போதோ செத்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தொட்டிக்குள் தண்ணீர் சும்மா நிற்கிறது. பல்லில்லாத கிழவனும் ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்தால் முறுக்கை ஊறவைத்துத் தின்றுவிடுவான். செத்த கரியும் அப்படித்தான், நின்ற தண்ணீரில் இருக்கிற குளோரினை விடியவிடிய மென்று தீர்த்துவிடும். காலையில் பம்பைப் போட்டதும் முதலில் வருவது அந்த ராத்திரித் தண்ணீர். அதைப் பிடித்துப் பார்த்தால் பூஜ்ஜியம் வராமல் வேறென்ன வரும்? பிறகு வருகிற தண்ணீர் நாலு நிமிஷத்தில் தொட்டியைத் தாண்டி ஓடுகிறது. அதைத்தான் மெஷின் குடிக்கிறது.

'கால்மணி ஓடவிட்டுத்தான் பிடிக்கணும்' என்று தொட்டி மாட்டியவன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். முதல் இரண்டு வருஷம் ஓடவிட்டுத்தான் பிடித்தார். அப்புறம் டாக்டர் வசதிக்காக ஏழு மணி வேலை ஆறுக்கு வந்தது. எல்லாமே அவசரமானது. வந்ததும் பிடித்து எழுதிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்று இவராகவே மாற்றிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கேட்க இவர் விட்டதுமில்லை. மெஷினை நம்பாதவர், மேனேஜரை நம்பாதவர், நகராட்சியை நம்பாதவர், தன் கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது.

"சிஸ்டர், இவங்களுக்கெல்லாம் ரத்தம் எப்படி இருக்கு?"

நர்ஸுக்கும் அதே நேரத்தில் விளங்கியது. குரல் இறங்கியது. "மூணு வாரமா இறங்குது. எல்லாருக்குமே. டாக்டர் ரத்தம் ஊறுற ஊசிய ஏத்திக்கிட்டே இருக்காரு. காரணம் தெரியலன்னாரு."

"காரணம் இங்கதான் உக்காந்திருக்கு."

நாலாம் நாற்காலியில் அவருடைய தங்கை புருஷன் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஒரே லாரிப் பட்டறையில் கரி பூசிக்கொண்ட கூட்டாளிகள். சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளியில் உடம்பெல்லாம் நீர் கோத்து, கால் தூண் மாதிரி வீங்கி, நிமிர்ந்து உட்கார்ந்தே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

மேனேஜர் ஆறே காலுக்கு ஓடிவந்தார். வரும்போதே கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, சாவி."

"தர்றதுக்கில்ல சார்."

"பன்னெண்டு பேர் உக்காந்திருக்காங்க. காலையில பூஜ்ஜியம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அந்தப் பூஜ்ஜியத்த வச்சு இன்னிக்கு ஓட்டுவோம். நாளைக்குக் கரிய மாத்திக்கலாம்."

"அந்தப் பூஜ்ஜியம் பொய் சார்."

"எழுதினது நீங்கதானே?"

"ஆமா. பொய் சொன்னதும் நான்தான்."

மேனேஜர் குழலை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "லேசான ரோஸ்தானய்யா இது."

"லேசு, கனம் எல்லாம் உங்களுக்கும் எனக்கும் சார். ரத்தத்துக்குத் தெரியாது. சாவி என் டவுசர் பையில இருக்கு. வேணும்னா கைய விட்டு எடுத்துக்கங்க. பை ஓட்டைன்னு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் எது கையில தட்டுப்பட்டாலும் நான் பொறுப்பில்ல."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவரு திறந்தாலும் நான் மாட்ட மாட்டேன் சார்" என்றார். மேனேஜர் நீட்டின கையால் தன் தலையைச் சொறிந்துகொண்டார்.

டாக்டருக்குப் போன் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டே இடம் கிடைத்தது. இருப்பதில் மோசமான இரண்டு பேரை ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். நாலாம் நாற்காலி மூன்றாவது இடத்தில் நின்றது. ஆக்சிஜன் வைத்து மதியம் வரை பார்க்கலாம், அதற்கு மேல் தாங்காது என்றார் டாக்டர்.

தங்கை தண்ணீர் ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள். "அண்ணே, அவருக்கு மூச்சு இழுக்குது. ரெண்டு நாள் தண்ணி உள்ள கெடக்கு. நீ குழாயப் பூட்டிட்டு நிக்கிற."

"திறந்தா கொன்னுடுவேன்மா."

"மூணு வாரமா திறந்துதானே விட்ட?"

அவர் குனிந்து தொட்டியின் கீழ்க் குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டார். "மத்தியானம் ரெண்டு மணி" என்றார். "ரெண்டு மணிக்குள்ள நல்ல தண்ணி தர்றேன். இப்ப என்னைப் பேச வைக்காத, போ."

பிளம்பர் ஏணியோடு வந்தார். பருத்த ஆள், வாய் ஓயாத ஆள். இரண்டு பேரும் சேர்ந்து தலைமூடியைத் திருகினார்கள். போன வருஷம் கரி மாற்றினபோது போட்ட இறுக்கம், அசையவில்லை. திருகுகிற கம்பிமேல் ஒரு குழாய்த் துண்டைச் செருகி நீளமாக்கி, இரண்டு பேர் பாரத்தையும் அதில் தொங்கவிட்டார்கள். "உங்க தங்கச்சி மாப்பிள்ளைகூட இவ்வளவு முறுக்கு இல்லியே பெரியவரே" என்றார் பிளம்பர். கிரீச்சென்று மூடி இளகியது.

உள்ளே நடுவில் நிற்கிற குழாயின் வாயைத் துணியால் கட்டினார் மோப்பக்காரர். ஒரு துண்டு கரி அதற்குள் விழுந்தாலும் வேலை கெட்டது. பிறகு ஏணியில் ஏறி, நீளக் கைப்பிடி போட்ட டப்பாவால் பழைய கரியை அள்ள ஆரம்பித்தார். அள்ளி அள்ளி வாளியில் போட, பிளம்பர் கொண்டுபோய்க் கொட்டினார். நாற்பது வாளிவரை எண்ணினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. "கொஞ்சம் உக்காருங்க, நான் அள்றேன்" என்றார் பிளம்பர். அறுபத்து மூன்று வயது உடம்பு உட்காரத்தான் சொன்னது. அவர் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

ஸ்டோரில் புதுக்கரி நாலு மூட்டை இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து மூக்கை உள்ளே விட்டார். நாலாவதை எட்டி உதைத்தார். ஜெனரேட்டருக்கு வைத்த டீசல் கேன் பக்கத்திலேயே கிடந்து, மூட்டை முழுக்க டீசல் நெடி.

"மூணு மூட்டையில தொட்டி முக்கால்தான் வரும்" என்றார் பிளம்பர்.

"முக்கால் தொட்டிக்கு முக்கால் வேலை குடுக்கக் கூடாது. பாதி வேலை குடுக்கணும்." அப்போதே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "பத்துப் பேரையும் ஒண்ணா மாட்டக் கூடாது சிஸ்டர். அஞ்சு அஞ்சு பேரா. தண்ணி மெதுவாப் போனாத்தான் கரிக்குத் திங்க நேரம் கிடைக்கும்."

"ரெண்டாவது அஞ்சு பேர் முடிய ராத்திரி ஆயிடுமே?" என்றார் மேனேஜர்.

"ஆகட்டும். பார்ட் வர்ற வரைக்கும் இப்படித்தான்."

கரியைக் கொட்டி, துணியை அவிழ்த்து, மூடியைத் திருகி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை உள்ளே விட்டார்கள். காய்ந்த கரிக்குள் இருக்கிற காற்றெல்லாம் குமிழியாக வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கரியைத் தொடாமல் சந்து பார்த்து ஓடிவிடும். அது ஊற இரண்டு மணி நேரமாவது வேண்டும். அந்த நேரத்தில் கையைக் காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். அவர் நாலாம் நாற்காலிக்குப் போனார்.

மாப்பிள்ளை மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இவரை ஏற இறங்கப் பார்த்தார். முடி முதல் விரல் வரை கரி. "என்ன மச்சான், பட்டறைக்குத் திரும்பிட்டியா?"

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா உனக்குக் கெட்ட தண்ணி விட்டது நான்தான். நின்ன தண்ணியப் பிடிச்சுப் பாத்து நல்லதுன்னு எழுதிட்டேன். உன் ரத்தம் இறங்கினது அதனாலதான்."

மாப்பிள்ளை நாற்காலிக் கையை ஊன்றி நிமிர்ந்தார். பிறகு, "மாடி ஏற முடியலன்னு சொன்னேன். என்ன சொன்ன?"

"சோம்பேறின்னு சொன்னேன்."

"யாரு முன்னாடி?"

"தங்கச்சி முன்னாடி."

"அவ அங்கதான் நிக்கிறா. மாத்திச் சொல்லு."

தங்கை சுவரோரம் நின்றிருந்தாள். மோப்பக்காரர் திரும்பி, "உன் புருஷன் சோம்பேறி இல்லம்மா. நான்தான் அவன் ரத்தத்தக் கெடுத்தேன்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவங்களுக்கு?" மாப்பிள்ளை மற்ற நாற்காலிகளைக் கண்ணால் காட்டினார்.

மேனேஜர் கதவருகில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கரி மாற்றினோம் என்றால் போதாதா, இதையெல்லாம் ஊருக்குச் சொல்வார்களா என்பது அவர் கவலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்களுக்கு உத்தியோகம் எப்போதும் உண்டு. மோப்பக்காரர் நடுவில் போய் நின்று, சொன்னதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

ஒன்பதாம் நாற்காலியில் ஒரு தையல்காரர். வாயில் நல்ல வார்த்தை வந்து நாளானவர். அவர் மோப்பக்காரரின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். திட்டி முடிக்கிற வரை இவர் நின்று கேட்டுக்கொண்டார். பிறகு தண்ணீர் ரூமுக்குப் போனார்.

கீழிருந்து மேலாகத் தண்ணீரைத் தள்ளிக் கரியைக் கழுவினார்கள். முதலில் சாக்கடையில் மை ஓடியது. பிறகு சாம்பல். பிறகு கலங்கல். ஒன்றே காலுக்குத் தெளிந்தது. தண்ணீரைச் சரியான வழிக்குத் திருப்பி, சுவர்க் கடிகாரத்துக்கு நேரே நின்றார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பிளம்பர், "போதும், பிடிங்களேன்" என்றார். இவர் கால்மணி முழுசாக ஓடின பிறகுதான் பிடித்தார். டப்பாவை நர்ஸிடம் நீட்டினார். "நீங்க போடுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

நர்ஸ் போட்டார். இரண்டு நிமிஷம் போனது. பிறகு இன்னொரு நிமிஷமும் போகவிட்டார். "பச்சத்தண்ணி மாதிரி இருக்கு அண்ணே."

வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கேதான் வந்தது வினை. நர்ஸ் ஊசியோடு ஒன்றாம் நாற்காலிக்குப் போக, அந்த அம்மாள் கையை மடக்கிக்கொண்டாள். "நான் மாட்டிக்க மாட்டேன். காலையிலயும் நல்ல தண்ணின்னுதானே எழுதினாரு?"

"அதானே!" என்றார் தையல்காரர். "ஏமாத்தினவன் சொன்னா எவன் நம்புவான்?" ஒருவர் பின் ஒருவராகக் கையை மடக்கினார்கள். மேனேஜர் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

மோப்பக்காரர் கெஞ்சவில்லை. நம்பாதவனை நம்பு என்று சொல்லி நம்ப வைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க அவரே அந்தப் பக்கத்தில் நின்றவர். உள்ளே போய் ஒரு தட்டில் பத்துக் கண்ணாடிக் குழலை அடுக்கி, ஓடுகிற தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதினோராவதில் பின்பக்கக் குழாய்த் தண்ணீர். அதில் முதலில் ஒரு மாத்திரையைப் போட்டுக் காட்டினார். ரத்தச் சிவப்புக்கு ஏறியது.

"இது ஊர்த் தண்ணி. மாத்திரை வேலை செய்யுதுன்னு பாத்துக்கங்க." பிறகு ஆளுக்கொரு குழலைக் கொடுத்து, கையில் ஒரு மாத்திரையை வைத்தார். "என்னை நம்ப வேணாம். நீங்களே போட்டு, நீங்களே பாருங்க."

பத்துப் பேரும் போட்டார்கள். தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குழலைப் பார்த்தார். நிறம் ஏறவில்லை. எந்தக் குழலிலும் ஏறவில்லை. இருந்தும் எவர் கையும் முன்னால் நீளவில்லை.

மாப்பிள்ளை தன் குழலைத் தங்கையிடம் கொடுத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். அதற்கே அவருக்கு மூச்சு முட்டியது.

"முதல்ல எனக்கு மாட்டுங்க சிஸ்டர். இவன் தண்ணிய மத்தவங்க மேல பாக்க வேணாம். சொந்தக்காரன் மேல பாக்கட்டும்."

"மாப்ளே…"

"நீ பேசாத. உன் மேல கோவம் தீரல எனக்கு. மூச்சு வந்ததும் திட்டறேன். அதுக்காகத்தான் மாட்டிக்கறேன்."

நர்ஸ் மோப்பக்காரரைப் பார்த்தார். அவர் டவுசர் பையிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்து, சங்கிலியைக் கழற்றி, பெரிய வால்வைப் பாதிக்கு மட்டும் திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் சுவர் வழியாகக் கூடத்துக்குப் போனது. இரண்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. நோட்டில் காலைப் பூஜ்ஜியத்தின் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'தப்பு. ஓடவிடாமல் பிடித்தேன்' என்று கோணல் எழுத்தில் எழுதிவிட்டுக் கூடத்துக்கு வந்தார்.

மாப்பிள்ளையின் மெஷின் சுற்றத் தொடங்கியிருந்தது. ஒன்றாம் நாற்காலி அம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டுக் கையை நீட்டினாள். அப்புறம் இன்னும் மூன்று பேர். தங்கை தன் புருஷன் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று பயம்.

இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருந்த தையல்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யோவ் கரிமூஞ்சி," என்றார். "அரை மணி ஆச்சு. போய்ப் பிடிச்சிட்டு வா. மாத்திரைய நான்தான் போடுவேன்."

மோப்பக்காரர் குழலைக் கழுவிக்கொண்டு போனார்.